யானைக்குத் தீனி, படகுக்குத் தவணை

படகு என்றவுடன் நம்மூரில் பெரும்பாலோருக்கு இரண்டு காட்சிதான் கண்ணில் வரும். ஒன்று, மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் படகு. இன்னொன்று, ஊட்டி ஏரியில் டிக்கெட் வாங்கி அரை மணி நேரம் மிதித்துவிட்டு வரும் படகு. முதலாவது பிழைப்பு, இரண்டாவது சுற்றுலா. வெறும் பொழுதுபோக்குக்காக ஒரு படகைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது யாரோ பெரிய தொழிலதிபர் செய்கிற காரியம் என்றுதான் நினைப்போம்.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பள்ளிக்கூட வாத்தியார், பிளம்பர், நர்ஸ், லாரி ஓட்டுபவர் என்று மாதச் சம்பளக்காரர்கள்கூட படகு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் இருக்கும் படகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 26 அடிக்கும் குறைவானவை என்று படகு உற்பத்தியாளர்கள் சங்கமே சொல்கிறது. அதாவது வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற அளவு. கோடீஸ்வரர்களின் மிதக்கும் மாளிகைப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம்பா" என்று ஒதுக்கிவிட்டால், உண்மையில் யாருடைய பணம் தண்ணீரில் போகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

மின்னசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார் நம்பர் பிளேட்டிலேயே பத்தாயிரம் ஏரிகள் என்று எழுதி வைத்திருக்கும் மாநிலம். (அது தன்னடக்கம். 10 ஏக்கருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறதாம்!) மக்கள்தொகை 60 லட்சம்கூட இல்லை. பதிவு செய்யப்பட்ட படகுகள் 8 லட்சத்துக்கும் மேல். துடுப்புப் படகுகளையும் சேர்த்த கணக்குதான் என்றாலும், ஏழு பேருக்கு ஒரு படகு. அங்கே ஒரு குடும்பம் படகு வாங்க ஆசைப்படுவதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார், மச்சான் வைத்திருக்கிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்த ஆசை எங்கே வைத்து விற்கப்படுகிறது என்பதுதான் சுவாரஸ்யம். மினியாபொலிஸ் நகரத்தின் பெரிய படகுக் கண்காட்சி நடப்பது ஜனவரியில். வெளியே ஏரிகள் எல்லாம் உறைந்து கிடக்கும். மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர். உள்ளே வெளிச்சத்தில் பளபளவென்று படகுகள், கோடைக்கால வாசனை. நடுக்குளிரில் நிற்கிற மனிதனிடம் ஜூலை மாதத்தை விற்கிறார்கள்! ஒவ்வொரு படகிலும் ஒரு அட்டை தொங்கும். முழு விலை ஓரமாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது மாதத் தவணை. பிரச்சினை ஆரம்பிப்பது அந்த அட்டையில்தான்.

படகுக் கடன் என்பது கார் கடன் மாதிரி ஐந்து வருடத்தில் முடிகிற சங்கதி இல்லை. பத்து, பதினைந்து, இருபது வருடம் வரை கொடுக்கிறார்கள். வருடத்தை நீட்ட நீட்டத் தவணை குறையும், தவணை குறையக் குறையப் படகின் நீளம் கூடும். 18 அடி போதும் என்று வந்தவர், "மாதம் நூறு டாலர்தானே கூட" என்று 24 அடியில் போய் நிற்பார்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவைதான். ஆனால் கற்பனை உலகத்து எண்கள் இல்லை. படகின் விலை 60,000 டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 12,000 டாலர் முன்பணம். மின்னசோட்டாவின் விற்பனை வரி 6.875 சதவீதம், அது ஒரு 4,125 டாலர். மீதி 48,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி, 15 வருடம். மாதத் தவணை சுமார் 459 டாலர் வரும்.

459 டாலர் ஒரு அமெரிக்கக் குடும்பத்துக்கு மலைக்க வைக்கிற தொகை இல்லை. 15 வருடத்தில் வட்டி மட்டும் 34,500 டாலருக்கு மேல் போகிறது என்பது அந்த அட்டையில் இருக்காது. கடன் பத்திரத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

இதையும் விடுங்கள். வட்டி எல்லாக் கடனிலும் இருப்பதுதான். யானை வாங்கினவன் கதையில் யானையின் விலை எப்போதும் பெரிய விஷயம் இல்லை. அதைக் கட்டித் தீனி போடுவதுதான் விஷயம். அமெரிக்கர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். 'போட்' என்ற நாலு எழுத்துக்கு அவர்கள் சொல்லும் விரிவாக்கம் 'பிரேக் அவுட் அனதர் தவுசண்ட்', இன்னொரு ஆயிரத்தை எடு என்று அர்த்தம். ஜோக் சொல்லிச் சிரித்துவிட்டு அதே ஆட்கள் போய்க் கையெழுத்தும் போடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை :-)

முதலில் நிறுத்துமிடம். ஏரிக்கரையில் வீடு இல்லாதவர்கள் மரினாவில் இடம் பிடிக்க வேண்டும். (மரினா என்றால் சுண்டல் விற்கிற இடம் இல்லை, படகுகளை வாடகைக்கு நிறுத்தும் துறை.) வாடகை பெரும்பாலும் அடிக் கணக்கு. ஒரு சீசனுக்கு அடிக்கு 100 டாலர் என்று வைத்தால் 24 அடிக்கு 2,400. சொந்தமாகக் கரை இருந்தாலும் தப்பிக்க முடியாது. கரையிலிருந்து நீளும் மேடையும், படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கிற லிஃப்டும் வேண்டும். ஏரி உறைவதற்குள் இவற்றைக் கழற்றிக் கரையேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டி நெரித்துவிடும். ஏப்ரலில் பனி உருகியதும் மறுபடி இறக்க வேண்டும். இதை மட்டுமே தொழிலாகச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை கூலி.

இரண்டாவது குளிர்காலம். இதுதான் வெப்ப நாட்டு ஆட்களுக்குச் சட்டென்று புரியாத செலவு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். படகு எஞ்சின் பெரும்பாலும் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிற எஞ்சின். படகுக்கு உள்ளேயே எஞ்சின் பொருத்தியிருக்கிற ரகங்களில், அந்தத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கி உறைந்தால் போதும், இரும்பு பிளாக் பிளந்துவிடும். ஆக செப்டம்பர், அக்டோபரில் ஒரு பெரிய சடங்கே உண்டு. தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். குழாய்களில் ரோஸ் கலர் உறையா திரவத்தை ஓட்ட வேண்டும். ஆயில் மாற்ற வேண்டும். டேங்கில் கிடக்கிற பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்ற வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகு படகு முழுக்க பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டி இறுக்கிச் சுற்ற வேண்டும். உள்ளே எலி கூடு கட்டாமல் இருந்தால் அதிர்ஷ்டம். இத்தனையும் செய்து, வசந்தம் வரை ஒரு கொட்டகையில் நிறுத்தி வைக்க வாடகை. எல்லாம் சேர்த்து 1,200 என்று வைத்துக்கொள்வோம்.

இன்ஷூரன்ஸ் ஒரு 900. பராமரிப்பு, சில்லறை ரிப்பேர் ஒரு 1,500. எஞ்சினை 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்வது வழக்கம். இரண்டில் எது முந்துகிறதோ அது. முந்துவது எப்போதும் வருடம்தான்!

கூட்டிப் பாருங்கள். 2,400, 1,200, 900, 1,500. மொத்தம் 6,000 டாலர். படகின் விலையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. படகு வைத்திருப்பவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கணக்கும் இதேதான், வருடத்துக்கு விலையில் பத்து சதவீதம். இதில் இன்னும் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் சேரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பெட்ரோலுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எஞ்சினின் குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கேலன் குடிக்கும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 250 குதிரைத்திறன் என்றால் 25 கேலன்! யாரும் எப்போதும் முழு வேகத்தில் போவதில்லை. நிதானமாகப் போனாலும் 10 கேலன், அதாவது 38 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு. கேலன் நாலரை டாலர் என்றால் மணிக்கு 45 டாலர்.

இப்போது அட்டையில் இருந்த 459 டாலரோடு பராமரிப்புக்கு மாதம் 500, பெட்ரோலுக்கு (வருடத்துக்கு 50 மணி நேரம் ஓட்டினால்) சுமார் 187 சேர்த்தால் மாதம் 1,146 டாலர். கண்காட்சியில் பார்த்ததைப் போல இரண்டரை மடங்கு. அதுவும் கொட்டும் பனியில், படகு பிளாஸ்டிக் உறைக்குள் தூங்குகிற மாதங்களுக்கும் சேர்த்து.

இங்கே நம் வகுப்புத் தோழர்கள் யாராவது கை தூக்குவார்கள். "தவணையில் அசல் இருக்கிறதே, அதை எப்படிச் செலவு என்று சேர்க்கலாம்?" நியாயமான கேள்வி. அசல் கட்டுவது செலவு இல்லை, கடன் குறைவதுதான். அதற்குப் பதிலாகத் தேய்மானத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது என்பதுதான் துக்கம்.

60,000 டாலர் படகு ஐந்து வருடம் கழித்து 36,000 தேறும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குத் தேய்மானம் 4,800. அந்த ஐந்து வருடத்தில் கட்டின தவணையில் வட்டிப் பங்கு 17,300 சொச்சம், வருடத்துக்கு 3,466. விற்பனை வரியை ஐந்தாகப் பிரித்தால் 825. முன்பணமும் வரியுமாக முதல் நாளே போன 16,125 டாலரை 4 சதவீதத்துக்கு வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 645. மேலே சொன்ன 6,000. ஆக, படகு ஒரு நிமிடம்கூட ஓடாவிட்டாலும் வருடத்துக்கு 15,700 டாலர். இது முழுக்க நிலையான செலவு. எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுவது பெட்ரோல் ஒன்றுதான்.

நிலையான செலவு இப்படி மலையாக நின்றால் அடுத்து கேட்க வேண்டியது, எத்தனை மணி நேரத்தின் தலையில் அதைப் பிரித்துக் கட்டுகிறோம் என்பது. வருடத்துக்கு 100 மணி நேரம் ஓட்டினால் பெட்ரோலையும் சேர்த்து மணிக்கு சுமார் 200 டாலர். 50 மணி நேரம் என்றால் 360. வெறும் 20 மணி நேரம் என்றால் மணிக்கு 830 டாலர்!

இதில் எது நடக்கும்? மின்னசோட்டாவில் மீன்பிடி சீசன் தொடங்குவது மே நடுவில். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை தொழிலாளர் தினம் வந்ததும் பள்ளிக்கூடம் திறந்து, கோடை முடிந்த மாதிரிதான். இடையில் இருப்பது பதினாறு பதினேழு வாரக்கடைசி. அத்தனையிலும் தவறாமல் மூன்று மணி நேரம் ஓட்டினால்தான் 50 மணி நேரமே வரும். மழை பெய்யக் கூடாது, காற்றடிக்கக் கூடாது, கல்யாணம் காது குத்து எதுவும் வரக் கூடாது, பிள்ளைக்கு பேஸ்பால் மேட்ச் இருக்கக் கூடாது, எஞ்சின் மெக்கானிக்கிடம் போகக் கூடாது. சீசன் நேரத்தில் மெக்கானிக் கிடைப்பதும் லேசு இல்லை, எல்லார் படகும் ஒரே நேரத்தில்தான் கெடும். கண்காட்சியில் கையெழுத்துப் போடும்போது யாரும் 20 மணி நேரம் என்று நினைத்துப் போடுவதில்லை. எல்லோர் மனதிலும் ஓடுவது 100 மணி நேரம்தான். முதல் கோடையில் ஓட்டவும் செய்வார்கள். மூன்றாவது கோடையில்தான் கணக்கு கலைகிறது.

கலைந்தபின் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே என்றால், அதுதான் முடியாது. ஐந்து வருடம், 60 தவணை, 27,500 டாலர் கட்டின பிறகும் பாக்கி நிற்கும் கடன் சுமார் 37,800. ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகும் என்பது தெரிந்ததுதான். படகோ 36,000-க்குத்தான் போகும். தரகர் மூலம் விற்றால் பத்து சதவீதம் அவருக்கு. ஆக, படகையும் கொடுத்து, கையிலிருந்து 5,000 டாலர் போலப் போட்டால்தான் கடனை அடைக்க முடியும். வீடு என்றால் காத்திருந்தால் விலை ஏறலாம். படகு காத்திருக்கக் காத்திருக்கத் தேயும். தேய்கிற பொருளுக்கு 15 வருடக் கடன் வாங்கக் கூடாது, இவ்வளவுதான் விஷயம். இருபது வருடக் கடனில் 60,000 டாலர் படகு வாங்குபவரைவிட, கையில் இருக்கிற 6,000 டாலருக்குப் பழைய படகு வாங்குபவர் பலமடங்கு புத்திசாலி. அவர் கணக்கு பிசகினாலும் 6,000-க்குள் பிசகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2020-ல் கொரோனா வந்து சினிமா, விமானம், ஹோட்டல் எல்லாம் மூடிக் கிடந்தபோது அமெரிக்கர்கள் படகுக் கடைக்கு ஓடினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புது மோட்டார் படகுகள் விற்றன. 2008-க்குப் பிறகு அவ்வளவு விற்றதில்லை. கையிருப்பு தீர்ந்து, பேரம் என்ற பேச்சே இல்லாமல் சொன்ன விலைக்கு வாங்கினார்கள். வட்டி அப்போது குறைவு என்பதால் வலி தெரியவில்லை. 2022 மார்ச்சிலிருந்து வட்டி ஏறியது, அலுவலகம் திறந்தது, கூட்டம் கலைந்தது, கடைகளில் படகு தேங்கித் தள்ளுபடி வந்தது. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு இரண்டு அடி. ஒன்று, வாங்கின விலையே அதிகம். இன்னொன்று, விற்கப் போனால் எதிரே தள்ளுபடியில் புதுப் படகு நிற்கிறது.

இதற்கு முந்தைய சரிவு இன்னும் கொடுமை. 2008-ல் வங்கிகள் கடனை நிறுத்தியதும் படகு வியாபாரமும் படுத்துவிட்டது. மினியாபொலிஸைத் தலைமையிடமாகக் கொண்டு லார்சன், கிளாஸ்ட்ரான் எனப் பல பெயர்களில் படகு கட்டி வந்த ஜென்மார் நிறுவனம் 2009 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடனில் ஓடுகிற படகு விற்பனை நின்றால் அதைக் கட்டுகிற தொழிலாளி வீட்டிலும் அடுப்பு எரியாது. அதனால் "ஆடம்பரப் பொருள்தானே, விற்காவிட்டால் என்ன" என்று பேசுவதும் பொறுப்பில்லாத பேச்சு. விற்கட்டும். எப்படி விற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

விற்பனையாளர்கள் கையில் இன்னொரு அஸ்திரமும் உண்டு. படகில் படுக்கையும் அடுப்பும் கழிவறையும் இருந்தால் அமெரிக்க வருமான வரிச் சட்டம் அதை இரண்டாவது வீடாகவே ஏற்றுக்கொள்ளும். கடன் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் 2018-லிருந்து நிலையான கழிவுத் தொகையை ஏறக்குறைய இரு மடங்காக உயர்த்திவிட்டார்கள். நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலோர் அந்த நிலையான கழிவையே எடுத்துக்கொள்வதால் இந்த வட்டிச் சலுகை அவர்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. பெரிய வருமானக்காரருக்கு மட்டும் உதவுகிற சலுகையைக் காட்டிச் சின்ன வருமானக்காரரை இழுப்பதை என்னவென்று சொல்வது?

படகின் கடைசிக் காலத்துக்கு வருவோம். ஃபைபர்கிளாஸ் படகுக்குச் சாவு லேசில் வராது. எஞ்சின் போகும், இருக்கை கிழியும், ஒயர் கருகும். உடம்பு மட்டும் நாற்பது ஐம்பது வருடம் அப்படியே கிடக்கும். இரும்பு, அலுமினியம் மாதிரி உருக்கி வார்க்கவும் முடியாது, கண்ணாடி இழையும் பிசினும் ஒன்றாக இறுகிப்போன பொருள். பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்க மாட்டார். ஆகவே கடைசி உரிமையாளருக்குப் படகு சொத்து இல்லை, அப்புறப்படுத்தக் காசு கேட்கிற கடன். காசு இல்லாதவர் என்ன செய்வார்? குளிர் இல்லாத, வருடம் முழுக்க படகு தண்ணீரிலேயே கிடக்கக்கூடிய புளோரிடாவில் இதற்குப் பதிலைக் கண்ணாலேயே பார்க்கலாம். நங்கூரம் போட்டுவிட்டு அப்படியே கைவிட்டுப் போய்விடுகிறார்கள். புயலில் அது மூழ்கினால் எடுக்கிற செலவு அரசாங்கத்துக்கு, அடிக்குப் பல நூறு டாலர். கைவிடுவதற்கு முன்பே இலவசமாக ஒப்படைத்துவிடுங்கள் என்று 2022-லிருந்து அந்த மாநிலம் ஒரு திட்டமே நடத்த வேண்டி வந்தது. படகில் ஒரு நாளும் ஏறாதவர்களும் சேர்ந்துதான் அந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள்.

பிரான்ஸில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். 2019-லிருந்து புதுப் படகு விற்கும்போதே தயாரிப்பாளர் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அந்த நிதியில் பழைய படகுகளை இலவசமாக உடைத்துக் கொடுக்கிறார்கள், உரிமையாளர் உடைக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். ஈமச் செலவைப் பிறக்கும்போதே எடுத்து வைப்பது மாதிரி. அமெரிக்காவிலும் இதைச் செய்தால் தப்பில்லை. அதைவிட முக்கியமாக, கண்காட்சி அட்டையில் மாதத் தவணைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், மொத்த வட்டியையும் ஐந்தாம் வருடக் கடன் பாக்கியையும் போட வேண்டும் என்று சட்டம் வந்தால் இன்னும் நல்லது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடவில்லையா?

"எல்லாவற்றையும் காசாலேயே அளந்தால் எப்படி? பிள்ளைகளோடு ஏரியில் கழித்த சாயங்காலத்துக்கு விலை உண்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், அதற்கு விலை இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் ஏரியில் இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. வாடகைப் படகில் போனாலும் சூரியன் அதே இடத்தில்தான் மறையும். அரை நாள் வாடகை சில நூறு டாலர் என்றதும், "இவ்வளவா!" என்று வாயைப் பிளப்பவர், தன் சொந்தப் படகின் ஒரு மணி நேரத்துக்கே அவ்வளவு ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டதே இல்லை. வாடகை கண்ணுக்குத் தெரிகிறது, தேய்மானம் தெரியவில்லை.

மாதச் சந்தா கட்டி, வேண்டும்போது முன்பதிவு செய்து எடுத்துக்கொள்கிற படகு கிளப்புகளும் வந்துவிட்டன. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: 1989-ல் புளோரிடாவில் தொடங்கிய ஃப்ரீடம் போட் கிளப் என்ற பெரிய கிளப்பை 2019-ல் வாங்கியது யார் தெரியுமா? மெர்குரி எஞ்சின்களையும் ஸீ ரே, லண்ட் படகுகளையும் தயாரிக்கிற பிரன்ஸ்விக் நிறுவனம். படகு விற்கிறவனே "சொந்தமாக வாங்காமலும் ஓட்டலாம்" என்கிற வியாபாரத்தில் பணம் போடுகிறான் என்றால், அவன் கணக்கு நமக்கு முன்னால் போட்டுவிட்டான் என்றுதானே அர்த்தம்? கிளப்பிலும் குறை உண்டு. ஜூலை 4 சுதந்திர தினத்தன்று எல்லாருக்கும் படகு வேண்டும், ஆனால் எல்லாருக்கும் படகு இருக்காது. அண்ணன் தம்பி பங்கு போட்டு ஒரே படகு வாங்கினாலும் இதே தகராறுதான். வருடத்தில் அந்த நாலைந்து நாள் நிச்சயமாகக் கையில் படகு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பலர் மீதி 360 நாளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

சொந்தப் படகே வேண்டும் என்பவர்களுக்கு மின்னசோட்டாவிலேயே பழைய வழி இருக்கிறது. 16 அடி அலுமினியப் படகு, பின்னால் 25 அல்லது 40 குதிரைத்திறன் மோட்டார், பழையதாகப் பார்த்து ரொக்கத்துக்கு வாங்குவது. சாதாரணக் காரே இழுத்துவிடும் (பெரிய படகுக்கு என்று பிக்கப் டிரக் வாங்கி, அதற்கு வேறு தனித் தவணை கட்டுபவர்கள் உண்டு). வீட்டுப் பின்புறத்தில் நிறுத்தலாம், மரினா வாடகை இல்லை. அந்த மாதிரி மோட்டாரை நேராக நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும், குளிர்காலச் சடங்கு ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஏற்கெனவே தேய்ந்த படகு என்பதால் இன்னும் தேய்வதற்கும் அதிகம் இல்லை. பார்க்க அழகாக இருக்காது, பின்னால் பிள்ளைகளைக் கட்டி வேகமாக இழுத்துப்போக முடியாது. மீன் கிடைக்கும்.

அக்டோபர் வந்தால் அங்கே பழைய படகு விளம்பரங்கள் குவியும். அவற்றை வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: எஞ்சின் குறைந்த மணி நேரமே ஓடியது. வாங்குபவருக்கு அது நல்ல செய்தி. விற்பவருடைய பக்கத்திலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். ஐந்து வருடத்தில் மொத்தமே 60 மணி நேரம் ஓடியிருக்கிறது என்றால், மேலே போட்ட கணக்குப்படி அந்தக் குடும்பம் ஏரியில் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1,300 டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. விளம்பரத்தின் கடைசி வரியில், குளிர்காலக் கொட்டகை வாடகை ஏப்ரல் வரை கட்டியாகிவிட்டது என்றும் போட்டிருப்பார்கள்.